படல் சாத்திய காடு

கரூரிலிருந்து மேற்கே தாராபுரத்தை நோக்கியோ, காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் வழியாக மூலனூரை நோக்கியோ கோடைகாலத்தில் பிரயாணம் செய்கிறவர்களின் கண்ணுக்கு, சரளையும் சுக்கான் கல்லும் விரவிய செம்மண்ணும், அதன்மேல் வைக்கோல் நிறத்தில் வெளுத்துக் கிடக்கும் புல்லும், குடை விரித்தாற்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வெள்வேல மரங்களும், அவற்றையெல்லாம் வளைத்துக்கொண்டு இலையின்றி நிற்கும் முள்வேலியுமே மாறி மாறித் தென்படும். காவிரிக்கரைப் பசுமையில் பழகியவர்கள், யாரோ கைவிட்டுப்போன தரிசு போலும் என்று இரக்கப்பட்டுக்கொண்டே கடந்துவிடுவார்கள். ஆயினும், ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெறுகிற, அதிலும் பெரும்பகுதியை ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களுக்குள்ளேயே பெற்றுவிடுகிற இந்த மண்ணில், பாசனப் பசுந்தீவனத்தையும் கடைத்தீவனத்தையும் பெரிதும் நம்பாமல், காங்கேயம் காளை என்று பெயர்பெற்ற வலிய உழவு மாடுகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்திருக்கின்றன என்றால், அந்தத் தரிசுக்குள் ஒரு சாஸ்திரம் அடங்கியிருக்க வேண்டும் என்பது சற்று நின்று சிந்திப்பவர்களுக்குப் புலப்படாமற்போகாது.

இந்த நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான சில ஏக்கர் நிலத்தைக் கிளுவை வேலியால் தனித்தனிக் காடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படல் வைத்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றவற்றின் படலைச் சாத்தி ஓய்வு கொடுத்து, மழையையும் புல்லையும் பார்த்து முறை மாற்றிக்கொண்டே வருவது இதன் கிரமம். எங்கள் குடும்பத்துக்கு இப்படி நான்கு காடுகள் உண்டு. மொத்தம் ஏழு ஏக்கர்தான். நான் எழுத்துக் கற்றது பள்ளிக்கூடத்தில் என்றாலும், கணக்குக் கற்றது இந்த நான்கு காடுகளில்தான் என்று சொல்ல வேண்டும். எந்தக் காட்டில் எத்தனை நாளாக மாடு மேய்கிறது, எந்தக் காட்டின் படல் சாத்தி எத்தனை நாளாயிற்று என்று எங்கள் தாத்தா, நாங்கள் அழைக்கிறபடி அப்பாரு, தினந்தோறும் காலையில் என்னைக் கேட்பார்; பிசகின்றிப் பதில் சொன்ன பிறகே கம்பங்கூழ் கிடைக்கும்.

அந்நாளில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. காட்டில் புல் இன்னும் கணுக்காலுக்குமேல் நின்றுகொண்டிருக்கும்போதே, மாடுகள் ஆவலோடு மேய்ந்துகொண்டிருக்கும்போதே, அப்பாரு அவற்றை வெளியே ஓட்டிப் படலைச் சாத்திவிடுவார். இவ்வளவு புல்லை வீணாக விடுவானேன் என்று நான் கேட்டபோது, "வாயில வச்ச கவளத்தோட எந்திரிக்கச் சொன்னாப்பல இருக்கும் மாட்டுக்கு. ஆனா கண்ணு, புல்லோட தூர் வெளிய தெரியறதுக்கு முன்னால முடுக்கிப் போடோணும்" என்றார். முழங்கால் உயரம் புல் வந்தால் படலைத் திறக்க வேண்டும், கணுக்கால் உயரத்துக்கு வந்தால் சாத்த வேண்டும் என்பதே அவருடைய சாஸ்திரம் முழுவதும். காரணம் அவர் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்த ஒரு வருஷம், ஐப்பசி மழை பொய்த்துப்போயிற்று. மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பதினைந்து வயதான என்னிடம் வந்தது. அவை பசியால் கத்துவதைக் கேட்கப் பொறுக்காமல், நான்கு காடுகளின் படல்களையும் ஒரே நாளில் திறந்துவிட்டேன். மாடுகள் எங்கு வேண்டுமானாலும் திரிந்து, துளிர்த்த இடத்தையே மறுபடி மறுபடி தேடிச்சென்று, தூர் வரையில் கடித்துத் தின்றன. அந்தக் கோடை எப்படியோ கழிந்தது. ஆனால் மறுவருஷம் நல்ல மழை பெய்தபோது, மேற்குக் காட்டில் புல் முளைக்க வேண்டிய இடமெல்லாம் கட்டாந்தரையாகக் கிடந்தது. பெய்த மழையும் உள்ளே இறங்காமல் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடிற்று. மீண்டும் உழுது, சோளம் விதைத்து, புல் விதை தூவி, அந்தக் காட்டை நாங்கள் பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று வருஷங்கள் ஆயின. நான் செய்த பிழை இன்னது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அது ஏன் பிழை என்பதைத் தாவர சாஸ்திரம் பின்னாளில் எனக்குக் கற்பித்தது.

கொறங்காட்டின் பிரதானமான பயிர் கொழுக்கட்டைப்புல். மரமும் செடியும் நுனியில் வளர்வன. நுனியைக் கிள்ளிவிட்டால் அந்தக் கிளை அவ்வளவில் நின்றுவிடும். புல்லோ அடியிலிருந்து வளர்கிறது. அதன் வளர்ச்சிக்குரிய உயிரணுக்கள் இலையின் அடிப்பாகத்திலும், தூரின் உள்ளே தரையை ஒட்டியும் இருப்பதால், மாடு மேலே கடித்துச் சென்றபின் அதே இலை மறுபடியும் நீண்டு வளரும் ஆற்றலைப் பெற்றிருக்கிறது. மேலும், கொழுக்கட்டைப்புல்லின் தண்டு தரையைத் தொடுமிடத்தில் சற்றே பருத்து, நல்ல காலத்தில் இலைகள் சமைத்த மாவுச் சத்தைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாகிறது. நெடுநாள் வறட்சிக்குப் பிறகு முதல் மழை விழுந்தவுடனே, வேலை செய்ய ஓர் இலைகூட இல்லாத நிலையிலும் அது துளிர்விடுவது இந்தக் கையிருப்பைக் கொண்டுதான். தூர் வெளியே தெரியும்படி மேயவிடுவது என்பது வட்டியோடு முதலையும் எடுத்துத் தின்பதற்கு ஒப்பாகும்.

வெயிலில் வாழவும் இந்தப் புல் பிரத்தியேகமான அமைப்பைப் பெற்றிருக்கிறது. இலை தன் நுண்துளைகளைத் திறந்தால்தான் கரியமிலவாயுவை உள்ளே வாங்க முடியும். திறந்தாலோ உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடும். எல்லாத் தாவரங்களுக்கும் உள்ள இந்தச் சங்கடத்துக்குச் சில தாவரங்கள் ஒரு நல்ல உபாயம் கண்டிருக்கின்றன. அவை கரியமிலவாயுவை முதலில் நான்கு கரியணுக்கள் கொண்ட ஒரு பொருளாக மாற்றி, இலையின் உட்புறத்திலுள்ள சில அறைகளுக்கு அனுப்பி, அங்கே அதைச் செறிவாக வெளியிட்டுப் பயன்படுத்துகின்றன. ஆகவே துளைகளைச் சிறிதளவே திறந்தாலும் போதுமான ஆகாரம் தயாராகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் 1966-ஆம் ஆண்டில் கரும்பைக் கொண்டு விளக்கிய இந்த முறையையே, நம் சோளமும் கம்பும் கொழுக்கட்டைப்புல்லும் மனிதன் விவசாயம் தொடங்குவதற்கு முன்பிருந்தே கையாண்டு வருகின்றன. நெல்லுக்கு இந்த வித்தை இல்லை.

இனி, கணுக்கால் கணக்குக்கு வருவோம். அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் கிரைடர் என்பவர், பல வகைப் புற்களைக் கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டிகளில் வளர்த்து, மேலே இலையை வெவ்வேறு அளவில் வெட்டிவிட்டு, கீழே வேர்கள் என்ன செய்கின்றன என்பதைக் கவனித்து, 1955-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இலையில் பாதிக்கும் குறைவாக வெட்டும்போது வேரின் வளர்ச்சி பெரும்பாலும் தடையின்றி நடந்தது. பாதிக்குமேல் வெட்ட வெட்ட வேர்கள் வளராது நிற்கத் தொடங்கின. பத்தில் ஒன்பது பங்கை வெட்டியபோது எல்லா வேர்களும் இரண்டு வாரங்களுக்கு மேலாக நின்றுபோயின. மேலே இழந்ததை ஈடுசெய்யும் பொருட்டுப் புல் தன் பொருளையெல்லாம் இலைக்கே செலவிட்டு, வேரைப் பட்டினி போடுகிறது என்பது இதன் கருத்து. வேர் நிற்கும் அந்த நாட்களில் மேல்மண் காய்ந்துவிடுமானால், ஆழத்திலுள்ள ஈரத்தை எட்டிப்பிடிக்க அந்தப் புல்லுக்கு வழியே இல்லை. முழங்காலளவு வளர்ந்ததைக் கணுக்காலளவில் நிறுத்தும் கொங்குநாட்டு வழக்கம் தூரையும் அடியிலைகளையும் காப்பாற்றி, வேருக்கு வேலை நிற்காமல் பார்த்துக்கொள்கிறது. கண்ணாடிப் பெட்டி காட்டித்தந்த உண்மையை, அது எதனால் என்று அறியாமலே, ஒரு கிழவரின் கணுக்கால் அளந்து வைத்திருந்தது.

கிரைடரின் முடிவுகள் வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பிரான்ஸ் தேசத்தில் நார்மண்டிப் பகுதியில் தம் சொந்தப் பண்ணையில் பசுக்கள் மேய்வதைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்து வந்த ஆந்த்ரே வுவாசேன் என்னும் அறிஞர், புல்வெளியின் விளைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதிகமான மாடுகள் மேய்வதால்தான் புல்வெளி கெடுகிறது என்று அதுவரை பலரும் எண்ணியிருக்க, கெடுதிக்குக் காரணம் எண்ணிக்கையைக் காட்டிலும் காலமே என்று அவர் வற்புறுத்தினார். ஒருமுறை கடிபட்ட புல், தன் கையிருப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதற்கு முன்பே மறுமுறை கடிபடுமானால், ஒரே ஒரு மாடுகூட அந்தப் புல்லை அழித்துவிடும். போதிய ஓய்வு கிடைக்குமானால் பெரிய மந்தையும் அதைக் கெடுக்காது. அவர் நூலைப் படித்த இரவில், நான் படல்களைத் திறந்துவிட்ட அந்தப் பஞ்ச வருஷம் என் கண்முன் வந்து நின்றது. எங்கள் மாடுகளின் எண்ணிக்கை அந்த ஆண்டில் கூடவில்லை. ஓய்வு ஒன்றுதான் இல்லாமற்போயிற்று.

ஓய்வு என்று நாம் சொல்வது மேலே தெரியும் அமைதியைத்தான். படல் சாத்திய காட்டின் மண்ணுக்குள்ளே அப்போது இடையறாத வேலை நடக்கிறது. புல்லின் வேர்கள் தாம் பெற்ற சர்க்கரையில் ஒரு பகுதியை மண்ணுக்குள் கசியவிடுகின்றன. அதை உண்டு கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் பூஞ்சை இழைகளும் பெருகுகின்றன. அவை சுரக்கும் பசைப்பொருள்கள் மண் துகள்களைச் சிறுசிறு கட்டிகளாகச் சேர்த்துப் பிணைக்க, கட்டிகளுக்கிடையே காற்றும் நீரும் செல்லும் வழிகள் உண்டாகின்றன. வேருடன் கூடி வாழும் ஒருவகைப் பூஞ்சை, வேர் நுழைய முடியாத நுண்ணிடுக்குகளிலும் சென்று, மண்ணில் எளிதில் நகராத பாஸ்பரஸ் சத்தைக் கொணர்ந்து கொடுத்து, கூலியாகச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. புல்லினிடையே தரையோடு படர்ந்திருக்கும் நரிப்பயற்றையும், ஓரங்களில் வளரும் கொளுஞ்சியையும் மெல்லப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் காணலாம். நம் இரத்தத்திலுள்ள செம்பொருளுக்கு உறவான ஒரு பொருளால் வந்த நிறம் அது. காற்றில் 78 சதவீதம் நிறைந்திருந்தும் செடிகளுக்கு நேரே பயன்படாத நைட்ரஜனை, தொழிற்சாலைகள் 400 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் உரமாக மாற்றுகின்றன; அம்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களோ மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே அதைச் செய்து தருகின்றன.

மழை நாளில் இந்த வேலையின் பயன் பிரத்தியட்சமாகத் தெரியும். பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறுந்தரையில் அது மோதும்போது மண்கட்டி உடைந்து, தூளாகிய மண் நுண்வழிகளை அடைத்துக்கொண்டு, மேலே ஓடுபோல இறுகிவிடுகிறது. அதன்பின் பெய்வதெல்லாம் ஓடிப்போகும் நீர்தான். புல் மூடிய தரையிலோ துளியின் வேகத்தை இலை வாங்கிக்கொள்ள, நீர் தூரைப் பற்றி மெல்ல இறங்கி, பழைய வேர்கள் மக்கிவிட்டுச் சென்ற வழிகளில் ஆழத்துக்குச் செல்கிறது. எங்கள் மேற்குக் காட்டில் அந்த வருஷம் ஓடிய செந்நீரையும், அதே மழையில் வேலிக்கு அப்புறம் பக்கத்துக் காட்டில் ஓசையின்றி இறங்கிய நீரையும் ஒருங்கே கண்டவன் நான். இரண்டுக்கும் வானம் ஒன்றே.

இவ்வளவும் நடப்பதற்கு மாடு இடையூறு என்று எண்ணிவிடலாகாது. மழை குறைந்த நாட்டில் காய்ந்த புல் தானாக மக்குவது கடினம். ஈரமின்றி நுண்ணுயிர்கள் வேலை செய்யமாட்டா. ஆனால் மாட்டின் முதல் வயிறு எந்தக் கோடையிலும் ஈரமும் வெப்பமும் குன்றாத ஒரு கொப்பரை. நம்மால் செரிக்க முடியாத புல்லின் நாரை அங்கே வாழும் நுண்ணுயிர்கள் பிரித்துச் செரிக்கின்றன. மாடு அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு, தின்ற நைட்ரஜனில் முக்காற்பங்குக்குமேல் சாணியாகவும் கோமியமாகவும் மண்ணுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. திருப்பித் தந்ததை மண்ணுக்குள் கொண்டுசேர்ப்பது சாணிவண்டின் தொழில். காலையில் விழுந்த சாணியை மாலைக்குள் குடைந்து, உருண்டைகளாக்கி, குழி தோண்டிப் புதைத்து, அதில் முட்டையிடும் அந்தச் சிறு ஜீவன், உழவனுக்குச் சொல்லாமலே உழுது உரமிடுகிறது. அதன் அருமையை ஆஸ்திரேலியா அனுபவத்தால் அறிந்தது. கங்காருவின் உலர்ந்த சிறு விட்டைக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகள், வெளிநாட்டிலிருந்து வந்த மாடுகளின் ஈரச்சாணியைப் பெரும்பாலும் தீண்டாமையால், சாணி மேய்ச்சல் நிலத்தை மூடிக் காய்ந்து, ஈக்கள் பெருகித் தொல்லை கொடுத்தன. ஜார்ஜ் போர்னமிசா என்னும் பூச்சியியல் அறிஞரின் யோசனைப்படி, 1968 முதல் அந்நாட்டு அரசு வேறு தேசங்களின் சாணிவண்டுகளைக் கொணர்ந்து விட்டது. ஒரு கண்டம் வேறு தேசங்களிலிருந்து வரவழைத்த உதவியாளனை, பூச்சிமருந்து தெளிக்காத எந்தக் கொறங்காட்டிலும் ஒரு சாணியைப் புரட்டிப் பார்த்துக் காணலாம்.

புல் முழுவதும் காய்ந்துபோகும் கோடையில் வெள்வேல மரம் தன் முறையை எடுத்துக்கொள்கிறது. ஆழ வேரோடியிருப்பதால் அது மேல்மண்ணின் வறட்சிக்கு அஞ்சுவதில்லை. சிறுசிறு இலைகளாக இருப்பதால் புல்லுக்கு வேண்டிய வெயிலை மறைப்பதுமில்லை. முற்றிய நெற்றுகள் காற்றில் உதிர, ஆடும் மாடும் அவற்றைத் தேடித் தின்கின்றன. புரதம் மிகுந்த அந்த நெற்று பஞ்ச காலத்துக்கென்று மரம் எடுத்துவைத்த தீவனம் போன்றது. தடித்த தோலையுடைய விதை கால்நடையின் வயிற்றினூடே சென்று தோல் மெலிந்து, எருவோடு விழுந்து முளைக்கிறது. மழைக்காலத்தில் போத்து வெட்டி ஊன்றினாலே வேர்பிடிக்கும் கிளுவையோ, கம்பியும் கல்லும் வாங்க வழியில்லாத குடும்பத்துக்குக் காலத்தால் வலுக்கிற வேலியாகி, ஓணானுக்கும் கீரிக்கும் கௌதாரிக்கும் இருப்பிடமாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இவ்வளவு புகழத்தக்க இதே கொழுக்கட்டைப்புல், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்கும் அமெரிக்காவின் சொனோரப் பாலைவனத்துக்கும் சென்று, அங்கே அடங்காமல் பரவி, பாலைத் தாவரங்களின் இடையே தீ ஓடுவதற்கு வழிவகுத்து, அவற்றை அழிக்கும் களையாக மாறியிருக்கிறது. ஆகையால் நன்மை புல்லில் மட்டும் இல்லை. மாட்டில் மட்டும், மரத்தில் மட்டும் என்றும் சொல்வதற்கில்லை. அவை ஒன்றையொன்று அளவுக்குள் நிறுத்தி வைக்கும் உறவிலும், அந்த உறவைப் பார்த்துக்கொண்டு படலைத் திறந்து சாத்துகிற மனிதனின் கையிலும்தான் அது இருக்கிறது.

1980-களில் அமெரிக்காவின் ராபர்ட் ரொடேல், நிலத்தைக் கெடாமல் காப்பதோடு நில்லாமல், பயன்படுத்தப் பயன்படுத்த அது வளம் பெறும்படி செய்கிற உழவுக்கு மீளுருவாக்க வேளாண்மை என்னும் பொருள்படப் பெயரிட்டுப் பரப்பினார். அந்தப் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது, நல்லதுதான். ஆனால் அதற்கான பாடசாலைகளில் ஒன்று, வீட்டுமனைகளாகவும் வேறு தொழில்களுக்கான இடங்களாகவும் துண்டு துண்டாக நம் கண்ணெதிரே மறைந்து வருகிறது. ஒரு காட்டின் வேலியைப் பிடுங்குவது ஒருநாள் வேலை. தலைமுறைகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கணக்கு, அந்த வேலியோடு சேர்ந்து போய்விடுகிறது என்பதே என் துயரம். இந்தக் கல்வியை ஏட்டில் எழுதி வைத்தவர் அதிகம் இல்லை; பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தவர்களே அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள், என் மகனின் மகளோடு மேற்குக் காட்டுக்குப் போனேன். படல் சாத்தி ஐம்பத்திரண்டு நாள் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். மாடுகள் எங்கள் பின்னால் வந்து நின்றன; சிவப்பாகப் பிறந்து, ஆறு மாதத்தில் மயிலை நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்த கன்று ஒன்று அவள் தோளை முட்டிக்கொண்டிருந்தது. புல் அவள் முழங்காலுக்கு மேலேயே வளர்ந்திருந்தது. என் கையும் படலின் கயிற்றுக்குச் சென்றுவிட்டது. அவளோ குனிந்து, புல்லை ஒதுக்கி, ஒரு தூரை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்தாள். பிறகு மற்றொன்றைப் பார்த்தாள். "தூர் இன்னும் பருக்கலீங்க அப்பாரு" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். பின்மழை குறைந்த வருஷம். இலை உயர்ந்திருந்ததே தவிர அடியில் கையிருப்புச் சேரவில்லை. கயிற்றிலிருந்து கையை எடுத்தேன். அவள் கன்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்து, மாடுகளைக் கிழக்குக் காட்டுப் பக்கம் திருப்பினாள்.